486-இல் போட்ட கோப்பு

14-11-94, திங்கள்
மழை. ஆஸ்பத்திரி ரெக்கார்டு ரூமில் ஒழுகும் இடத்தில் வாளி வைத்திருக்கிறோம். வீட்டுக்குப் போன நோயாளிகளின் கோப்புகள் நாற்பது பாக்கி. ஒவ்வொரு வியாதிக்கும் அதன் எண்ணைப் போட்டு அட்டையில் ஏற்ற வேண்டும். என் வீட்டுக்காரருக்கு ஐந்தாவது நாளாகக் காய்ச்சல். கூடுவாஞ்சேரி மனையில் கடைக்கால் தோண்டிய குழியில் தேங்கிய தண்ணீரை, வெறுங்காலோடு இறங்கி இறைத்தார். சர்க்கரை உள்ள மனுஷன். சொன்னால் கேட்டால்தானே.

17-11-94
எங்கள் ஆஸ்பத்திரியிலேயே சேர்த்தாயிற்று. எக்ஸ்ரேயில் வலது நுரையீரல் வெள்ளையாக இருக்கிறது. டி.பி. போலத்தான் தெரிகிறது என்கிறார் டாக்டர் ராஜாராமன். மாத்திரை தொடங்கிவிட்டார்கள்.

23-11-94
சளியில் டி.பி. கிருமி இல்லை. வேறு ஏதோ வளர்ந்ததாம். வெளி அழுக்கு கலந்திருக்கும் என்று லேபில் தள்ளிவிட்டார்கள். காய்ச்சல் நூற்றிநாலு. இடது பக்கமும் பரவிவிட்டது. “சாராள் எங்கே?” என்று என்னிடமே கேட்கிறார்.

24-11-94
இதே கதையை நான் பார்த்திருக்கிறேன். இரண்டு மூன்று வருஷம் முன்பு, ஒரு கொத்தனார். அவருக்கும் சர்க்கரை, அவருக்கும் டி.பி. மாத்திரை கேட்கவில்லை. ஏதோ ஊசியை மாற்றியதும் பிழைத்தார். அவர் வீட்டுக்குப் போனபிறகு வேலூரிலிருந்து லேப் காகிதம் வந்தது, சேற்றில் இருக்கும் ஒரு கிருமி என்று. அதற்குத் தனி எண் உண்டு. ஆனால் அந்த மாத ஸ்டேட்மெண்ட் மேலிடத்துக்குப் போய்விட்டது, விடு என்றார் எங்கள் ரெக்கார்டு ஆபீசர் எட்மண்ட் சார். நானும் காகிதத்தைக் கோப்பின் பின்னால் குத்திவிட்டு 486-லேயே விட்டுவிட்டேன். 486 — கிருமி இன்னதென்று தெரியாத நிமோனியா. தெரிந்ததைத் தெரியாது என்று எழுதி வைத்தவள் நான்.

டாக்டரிடம் சொன்னேன். “கிருமி பேரே தெரியாம எந்த ஊசியம்மா போடறது? அந்தக் கேஸ் ஷீட்டைக் கொண்டாங்க.”

25-11-94
486-இல் அறுநூறுக்கு மேல் கோப்புகள். ஆள் பெயர் நினைவில்லை. ஒவ்வொன்றாக இறக்கிப் பின்பக்கம் பார்க்கிறேன். அட்டெண்டர் கங்கம்மா ஏணியில் நின்று எடுத்துத் தருகிறாள். “இன்னா பேருன்னே தெரியாம தேடிகினு கீறியேக்கா” என்றாள். ஆனாலும் இறங்கவில்லை.

26-11-94
இல்லை. இல்லை. கர்த்தாவே, அந்தக் காகிதம் மழையில் நைந்து போயிருந்தால்? ஆக்சிஜன் வைத்துவிட்டார்கள். அவர் அண்ணனுக்குத் தந்தி கொடுத்துடுங்க என்கிறாள் நர்ஸ். எதுக்குத் தந்தி? நான் தேடிகிட்டுதானே இருக்கேன்?

27-11-94
பகல் பதினொன்றரைக்குக் கிடைத்தது. அப்பாதுரை, வயது 52, கொத்தனார். கீழ்வரிசையில், ஈரம் ஏறிய கோப்புக் கட்டுக்குள். குண்டூசி துருப்பிடித்து ஒட்டியிருந்தது, எழுத்து அழியவில்லை. மெலியாய்டோசிஸ் — அந்தச் சேற்றுக் கிருமிதான். ஓடினேன். டாக்டர் இரண்டு முறை படித்தார். அழுக்கு என்று தள்ளியதை வைத்திருக்கிறார்களா என்று லேபுக்குப் போன் செய்தார். எறிந்துவிட்டார்களாம். யோசித்துவிட்டு, அப்பாதுரைக்குப் போட்ட அதே ஊசியை எழுதினார்.

“எண்ணைச் சரியாப் போட்டிருந்தா பத்து நிமிஷத்துல எடுத்திருப்பேன் சார். மூணு நாள் போச்சு. என் தப்பு” என்றேன். அவர் வார்டுப் பக்கம் நடந்தார்.

30-11-94
காய்ச்சல் அப்படியே. அண்ணன் வந்துவிட்டார். பெட்டியில் புது வெள்ளை வேட்டி எடுத்து வந்திருக்கிறார். நான் பார்த்துவிட்டது அவருக்குத் தெரியாது.

4-12-94
காய்ச்சல் நூற்றியொன்று.

9-1-95
வேலைக்குத் திரும்பினேன். தேடும்போதே கண்ணில் பட்டது — 486-இல் இன்னும் பதினோரு கோப்புகளில் பின்னால் குத்திய காகிதங்கள். பழசெல்லாம் எதுக்கும்மா என்றார் எட்மண்ட் சார். திருத்திக்கொண்டிருக்கிறேன். அந்தப் பதினோரு பேரில் நான்கு பேர் இறந்திருக்கிறார்கள்.

29-1-95, ஞாயிறு
இருவரும் சர்ச்சுக்கு நடந்தே போனோம். சட்டை அவருக்குத் தொளதொளவென்று தொங்குகிறது. அஸ்தினாபுரம் மெயின் ரோட்டில் இரண்டு இடத்தில் நின்று மூச்சு வாங்கினார். மணி அடித்துவிட்டது. “நீ முன்னால போ” என்றார். நான் போகவில்லை.