மோத்தியின் கண்ணில் ஜன்னல்

குங்குமச் சிமிழைத் திறந்து வைத்திருக்கிறேன். அதில் குங்குமம் இல்லை, பென்சில் கரியை ஒற்றி எடுக்க நீ பிசைந்து வைத்திருந்த ரப்பர் இருக்கிறது. சப்பாத்தி மாவில் கொஞ்சம் கிள்ளி உருட்டியது போல, சாம்பல் நிறத்தில். நேற்று வரை நடுவில் உன் பெருவிரல் பதிந்த குழி இருந்தது. மூக்கருகே கொண்டுபோனால் பென்சில் கரி வாசனைக்கு அடியில், நீ கையில் தேய்த்துக்கொள்ளும் வலித் தைலத்தின் வாசனை லேசாக வருகிறது. தீர்ந்துவிடுமோ என்று எப்போதும் உடனே மூடிவிடுவேன். இன்று மூடவில்லை.

உனக்குத் தமிழ் பேசத்தான் வரும், படிக்க வராது. தில்லியிலேயே பிறந்தவள். நான் கரூர்ப் பக்கத்தில் ஐந்தாவது வரை படித்தவள், ஆனாலும் என் எழுத்து குண்டு குண்டாக நன்றாகவே இருக்கும். "நீங்க எனக்கு லெட்டர் எழுதினா, நீங்களேதான் படிச்சும் காட்டணும் அக்கா" என்று ஒருமுறை சொன்னாய். அதனால் வாய்விட்டுப் படித்துக்கொண்டேதான் எழுதுகிறேன். காலடியில் மோத்தி படுத்திருக்கிறான். நடுநடுவே காதைத் தூக்குகிறான்.

தில்லி துவாரகாவுக்கு மகன் வீட்டோடு வந்த புதிதில், லிஃப்ட் வாசலில் நான் கோலம் போடுவதை உன் வீட்டுக் கதவைத் திறந்து, டீ கிளாஸோடு நின்று பார்ப்பாய். பக்கத்தில் மோத்தி. குடியிருப்பு சொசைட்டி கேட்டில் குட்டியாகக் கிடந்தவனைத் தூக்கி வந்தாய் என்று சொன்னார்கள். கரிக்கட்டை நிறத்து நாய்க்கு இந்தியில் முத்து என்று பெயர் வைத்திருந்தாய்.

"கையையே தூக்கல அக்கா நீங்க. கியா பாத் ஹை, பிரமாதம்!"

"தூக்கினா கோடு முறிஞ்சிடும்மா."

என் கையையே பார்த்துக்கொண்டு நின்றாய். உன் கிளாஸில் டீ தளும்பிக்கொண்டிருந்தது. காற்றில்லாத இடத்தில் டீ ஏன் தளும்புகிறது என்று அன்று எனக்கு விளங்கவில்லை.

பிறகு நீயே சொன்னாய். பத்திரிகை ஆபீசில் படம் போட்ட கை. வேலையை விட்டபின் ஊரார் வீட்டு நாய் பூனைகளை எல்லாம் பென்சிலில் வரைந்து கொடுத்த கை. மூன்றாம் மாடிப் பூனையின் மீசையைக்கூட நீ வரைந்ததில் எண்ணிவிடலாம். மோத்தியை மட்டும் வரையவில்லை. வீட்டிலேயே கிடக்கிறவன்தானே, எங்கே போகப்போகிறான் என்று தள்ளித் தள்ளிப் போட்டிருந்தாய். அதற்குள் நடுக்கம் வந்துவிட்டது.

"உங்க கை ஸ்டெடி அக்கா. மோத்தியை நீங்க போடுங்க. நான் சொல்றேன், நீங்க போடுங்க."

"நானா? நான் நாயை வரைஞ்சா எருமைதான் வரும்."

"எருமையா வந்தா என்ன, என் எருமைதானே. ட்ரை கரோ நா."

உன் குரல் விளையாட்டாகத்தான் இருந்தது. மோத்தியின் தலையில் இருந்த கை மட்டும் ஆடிக்கொண்டே இருந்தது. பென்சிலை வாங்கிக்கொண்டேன்.

முதல் நாள் நாயைச் சுற்றி ஒரே கோடாக, பென்சிலை எடுக்காமல் இழுத்துக்கொண்டு வந்து முடித்தேன். எனக்கே பெருமையாக இருந்தது. நீ எட்டிப் பார்த்து, "கோலம் போடாதீங்க அக்கா. நாய்க்கு பார்டர் கிடையாது" என்றாய். என் கையைப் பிடித்து மோத்தியின் நெற்றியில் வைத்தாய். மூக்கிலிருந்து மேலே போகும் முடி கண்களுக்கு நடுவே பிரிந்து, கன்னத்தில் கீழே இறங்கியது. "முதல்ல விரலால பாருங்க. முடி எந்தப் பக்கம் படுத்திருக்கோ அந்தப் பக்கம் பென்சில் போகணும்." உன் கை என் கைமேல் நடுங்கிக்கொண்டே வழி காட்டியது. இப்போதும் நான் அப்படித்தான், தடவிப் பார்க்காமல் வரைவதில்லை. கம்ப்யூட்டர் படித்து குர்காவ் ஆபீசுக்குப் போகும் என் பேத்திக்கு என்னென்னவோ வரும், ஒரு நாய்க் காது வராது.

சாக்பீஸ் கதையை மறந்திருக்க மாட்டாய். பழகும் தாளில் கண்ணை முழுக்கக் கறுப்பாக நிரப்பிவிட்டு, கண்ணின் பளபளப்புக்கு சாக்பீஸால் ஒரு வெள்ளைப் புள்ளி வைத்தேன். காலம் முழுக்கக் கறுப்புத் தரையில் வெள்ளை வைத்தே பழகியவள் வேறு என்ன செய்வாள்? கரியும் சுண்ணாம்பும் கலந்து கண் புரையோடியது போல ஆயிற்று. நீ வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தாய்.

"ஹே பகவான்! அக்கா, வெள்ளையை நாம வைக்கறதில்ல. பேப்பர்ல இருக்கற வெள்ளையை அப்படியே விட்டுடணும்."

நல்ல தாளில் வரையத் தொடங்கியபோது நமக்குள் சண்டை வந்தது. கண்ணை முதலில் போடு என்றாய் நீ, கண் சரியாக வந்தால்தான் மற்றது வரும் என்று. எங்கள் ஊரில் சாமி சிலைக்குக் கடைசியில்தான் கண் திறப்பார்கள், நாயானாலும் அப்படித்தான் என்றேன். "அச்சா அச்சா, உங்க சாமி, உங்க இஷ்டம்" என்று விட்டுக்கொடுத்தாய். காது, மூக்கு, கழுத்து மடிப்பு எல்லாம் வந்தது. எருமை வரவில்லை.

கண் போட்ட அன்று பால்கனிக் கதவை ஒட்டி நீ உட்கார்ந்திருந்தாய், மோத்தி உன்னையே பார்த்துக்கொண்டிருந்தான். கிட்டே போய்ப் பார்க்கச் சொன்னாய். அவன் கண்ணுக்குள் பால்கனிக் கதவு சின்ன வெள்ளைக் கட்டமாகத் தெரிந்தது. கட்டத்தின் அடியில் ஒரு கறுப்புப் புள்ளி.

"அது நான்தான்" என்றாய்.

அந்தச் சந்தோஷத்திலோ என்னவோ, இரண்டு கண்ணையும் மறுபடி கறுப்பால் மூடிவிட்டேன்! "ஃபிர் ஸே?" என்று தலையில் அடித்துக்கொண்டாய். பரவாயில்லை, இந்த ரப்பரைப் பிசைந்து கூராக்கி ஒற்றினால் கரி வந்துவிடும் என்றாய். நீயே பிசைந்தாய். கூர் வரவில்லை. விரல் கேட்கவில்லை உனக்கு. கடைசியில் பெருவிரலால் ஓர் அழுத்து அழுத்தி என்னிடம் கொடுத்தாய்.

"நாளைக்குப் பண்ணலாம். வெளிச்சம் போயிடுச்சு."

மறுநாள் காலையில் நீ குளியலறையில் விழுந்தாய். ஆஸ்பத்திரியிலிருந்து உன்னை வெள்ளைத் துணியில் சுற்றிக் கொண்டுவந்தபோது லிஃப்ட் வாசலில் நான் கோலம் போட்டிருக்கவில்லை. உன் அண்ணன் வீட்டில் நாய் வைத்துக்கொள்ள முடியாது என்றார்கள். மோத்தி என்னிடம் வந்தான். இன்றும் சாப்பிட்டதும் போய் உன் வீட்டுக் கதவருகே படுத்துக்கொள்கிறான். இப்போது அங்கே வேறு யாரோ இருக்கிறார்கள். நல்ல பிள்ளைகள், விரட்டுவதில்லை.

படம் கண்ணில் வெளிச்சமில்லாமலே பீரோவுக்கு மேல் கிடந்தது. எடுத்தால் ரப்பரில் பதிந்த உன் விரல் குழியைப் பிசைந்து அழிக்க வேண்டுமே. போன வாரம் நாய் டாக்டர் மோத்தியின் கண்ணில் டார்ச் அடித்துப் பார்த்து, வயதாகிவிட்டது, பால் போல் புரை படர்கிறது என்றார். இனி அந்தக் கட்டம் தெளிவாகத் தெரியாது. பார்த்து வரைவதானால் இப்போதே வரைய வேண்டும்.

அந்த ரப்பரைப் பிசைய மனசு வரவில்லை என்று பேத்தியிடம் சொன்னேன். "அதுக்கென்ன பாட்டி, நயா வாலா மங்கா லேங்கே, புதுசு வாங்கிக்கலாம். பத்து நிமிஷத்துல வந்துடும்" என்று போனை எடுத்தாள். வேண்டாம் என்றேன். பூட்டி வைக்கவா நீ என்னிடம் கொடுத்தாய்? வேலை முடிக்கத்தானே கொடுத்தாய்.

இன்று காலை மோத்தியை எங்கள் வீட்டுப் பால்கனிக் கதவைப் பார்க்க உட்கார வைத்து, நீ உட்கார்ந்தது போலவே கதவை ஒட்டி நான் உட்கார்ந்தேன். ரப்பரைப் பிசைந்தேன். முதலில் கல்லாக இருந்தது. சூடு ஏற ஏற இளகியது, உள்ளிருந்து உன் தைல வாசனை வந்தது. உன் விரல் குழி மடிந்து உள்ளே போய்விட்டது. கூராக்கி, கண்ணில் வைத்து ஒற்றி எடுத்தேன், தேய்க்கவில்லை. கட்டம் வந்தது. மறுகண்ணிலும் வந்தது. கட்டத்தின் அடியில் அந்தப் புள்ளியை மட்டும் தொடாமல் விட்டேன்.

படத்தை மோத்தி முன்னால் பிடித்துக் காட்டினேன். அவன் அதைப் பார்க்கவேயில்லை. என் விரல்களை முகர்ந்தான், ஒவ்வொன்றாக. பெருவிரலுக்கு வந்ததும் நின்று, மூக்கை அதிலேயே வைத்துக்கொண்டு, வாலை மெல்ல ஆட்டினான்.

சோறு பிசைய வேண்டிய நேரம் தாண்டிவிட்டது. உள்ளேயிருந்து மருமகள் கூப்பிடுகிறாள். நான் இன்னும் கை கழுவவில்லை.