வெண்டைச் சுணையும் என் முழுக்கைச் சட்டையும்

ஜூன் 3
வெண்டைக்கு மருந்து அடித்தாயிற்று. நாள் முழுக்க மருந்தோடு நின்ற நான் கல்லு மாதிரி இருக்கிறேன். மருந்து டப்பாவைத் தொட்டுக்கூடப் பார்க்காத என் மனைவிக்குத்தான் தலைவலி, கை அரிப்பு. இது எப்படி?

ஜூன் 5
"வெண்டைன்னா காய் மேல இருக்கிற சுணை அரிக்கத்தானே செய்யும்" என்கிறாள். சரி, அரிக்கட்டும். தலை ஏன் வலிக்கிறது? குமட்டல் ஏன்? கேட்டால், "உங்களைக் கட்டிக்கிட்டவளுக்குத் தலை வலிக்காதா?" வாய்க்கு மட்டும் குறைவில்லை. சிரித்தேன். ஆனால் டம்ளரைப் பிடித்த அவள் விரல்கள் நடுங்கின. பயமாக இருக்கிறது.

ஜூன் 9
சங்கத்துக் கிடங்கில் விவசாயிகளுக்குப் பயிற்சி. மருந்தடிப்பவர்களை மட்டும்தான் கூப்பிட்டிருந்தார்கள். இருபது பேரும் ஆண்கள். மருந்தடிக்கும் சட்டையோடே வரச் சொன்னார்கள். பயிற்சி மேடம் டேங்கில் மருந்துக்குப் பதில் சிவப்புச் சாயத் தண்ணீர் ஊற்றி, "வழக்கம்போல அடிங்க" என்றார். காற்றுப் பார்த்து அடிப்பதில் நான் புலி என்று நினைத்திருந்தேன். முடித்துப் பார்த்தால் முதுகு, இரண்டு கை, கழுத்துப் பட்டை எல்லாம் சிவப்பு. "செடிக்குக் கொஞ்சம் மிச்சம் வச்சிருக்கலாம்" என்றார். நல்ல மூக்குடைப்பு.
வீட்டில் சொன்னேன், வயிறு வலிக்கச் சிரித்தாள். சாயம் எத்தனை நாள் நிற்கிறது என்று பார்க்க, சட்டையைத் துவைக்காமல் ஆணியில் மாட்டியிருக்கிறேன்.

ஜூன் 10
நான் எழுவதற்குள் காய் பறிக்கப் போய்விட்டாள். கூடையோடு திரும்பியபோது மணிக்கட்டு சிவப்பு, கழுத்து சிவப்பு. எனக்குப் பகீரென்றது.
"ரத்தமில்லைங்க. உங்க சட்டைச் சாயம், வேர்வையில இறங்கிடுச்சு."
அந்தச் சட்டை! சுணை படாமலிருக்க அதைப் போட்டுக்கொண்டுதான் மூன்று வருடமாகப் பறிக்கிறாள். நான் மருந்தடிக்கிற அன்றைக்கு மட்டும் போட்டு, கழற்றிக் குளித்துவிடுவேன்; அவளுக்கு அது தினமும் வேர்வையோடு உடம்பில் ஒட்டிக் கிடக்கிறது. தினமும் பார்த்தவன்தானே நான்? இங்கே எல்லார் வீட்டிலும் அப்படித்தான் - ஆண் மருந்தடிக்கும் சட்டைதான் பெண்ணுக்குப் பறிப்புச் சட்டை. சாயம் இறங்கின மாதிரிதானே மருந்தும் அவள் உடம்பில் இறங்கியிருக்கும்? கண்ணிருந்தும் குருடன்.
சொன்னேன். கூடையை இறக்கிவிட்டு அப்படியே உட்கார்ந்தாள். "அப்போ இத்தனை நாளா மருந்தையா போட்டுக்கிட்டுப் போனேன்?"
நாளைக்கு முதல் வேலை ஆஸ்பத்திரி.

ஜூன் 11
ஆஸ்பத்திரி. ரத்தம் எடுத்தார்கள். மருந்து உடம்பில் ஏறியிருக்கிறது. வயல் பக்கமே போகக்கூடாது என்றார் டாக்டர். காய் இனி நான் பறிக்க வேண்டும்.

ஜூன் 12
சுணை பொல்லாதது.

ஜூன் 13
மேடத்துக்குப் போன் செய்து எல்லாம் சொன்னேன். "பறிக்கிறவங்களை நாங்க கூப்பிடவே இல்லையே. நானும் பொம்பளைதான், எனக்கும் தோணலை பாருங்க" என்றார்.

ஜூன் 20
கிடங்கில் மறுபடி வகுப்பு. இந்த முறை முப்பது பெண்கள். என் மனைவி எழுந்து, "மருந்தடிச்ச எத்தனையாவது நாள் செடியில கை வைக்கலாம்?" என்று கேட்டாள். எங்கள் வகுப்பில் ஒருத்தனும் கேட்காத கேள்வி. மேடம் டப்பாவைத் திருப்பிப் பொடி எழுத்தை வாசித்துக் காட்டினார்: பல நாள் கழித்துத்தானாம். நாங்கள் அடித்த மறுநாளே பறித்துக்கொண்டிருந்தோம்.

ஜூலை 8
இரண்டாவது ரத்தப் பரிசோதனை. "பரவாயில்லை, தேறிட்டு வருது" என்றார் டாக்டர். அவர் சொன்னால் போதுமா? வீட்டுக்கு வந்து, "தலைவலி எப்படி இருக்கு?" என்று கேட்டேன்.
துணி மடித்துக்கொண்டிருந்தவள் நிமிர்ந்து, "எந்தத் தலைவலி?" என்றாள்.
தண்ணீர் குடிக்கப் போகிற மாதிரி உள்ளே போய்க் கொஞ்ச நேரம் நின்றுவிட்டு வந்தேன்.