நாற்பதாவது வரிசை

அன்புள்ள பென்சிலுக்கு,

நலமா? மூன்று வருடம் கழித்து இதைக் கேட்க எனக்கு யோக்கியதை இல்லைதான். நம் ஆய்வுக்கூடத்துப் பின்பக்க ஜன்னல் இன்னும் சரியாக மூடுவதில்லை. உன் மேசையில் இப்போது பிரிண்டர் உட்கார்ந்திருக்கிறது. அம்மா ஆஸ்பத்திரியில் தரை துடைக்கும் வேலையை விடவில்லை. மகன் டாக்டராகப் போகிறான் என்று வார்டு முழுக்கச் சொல்லி வைத்திருக்கிறாள். ஊசி நன்றாகப் போடுவானா என்று நர்சுகள் கேட்கிறார்களாம்.

வெள்ளிக்கிழமை காலை பத்து மணிக்கு என் முனைவர் பட்ட வாய்மொழித் தேர்வு. ஆறு நாளாகச் சாப்பாடு இறங்கவில்லை.

நீ அன்று சொன்னதுதான் சரி. குவாண்டம் கணக்கில் ஒவ்வொரு ஆபரேட்டரும் முடிவில்லாத ஓர் எண் அட்டவணை. கம்ப்யூட்டரில் அடங்காது என்று நாற்பது வரிசையோடு வெட்டுகிறோம். இரண்டு ஆபரேட்டர்களின் பெருக்கல் வேண்டுமென்றால் முதலில் பெருக்கிவிட்டு, பிறகுதான் வெட்ட வேண்டும். நம் வழிகாட்டி சார் வெட்டிவிட்டுப் பெருக்கியிருக்கிறார். நாற்பதிலிருந்து நாற்பத்தொன்றுக்குப் போய்த் திரும்பி வரும் பங்கு கணக்கில் சேரவே இல்லை. அதனால் கடைசி மூலையில் ஒரு பொய் எண். அதைத்தான் புது ஆற்றல் நிலை என்று எழுதி அவர் பரிசு வாங்கினார். என் ஆய்வேடு முழுக்க அதன் மேல்தான் நிற்கிறது.

போன வாரம் அறுபது வரிசை போட்டு ஓட்டினேன். அந்தப் பொய் அறுபதாவது மூலைக்குப் போய் நின்றது. எண்பது போட்டேன், அங்கேயும் கடைசி மூலையில். வெட்டுகிற இடத்துக்கெல்லாம் ஓடுவது நிஜ நிலையாக இருக்க முடியாது.

சாரிடம் காட்டினேன். அவர் கோபப்படவே இல்லை, அதுதான் பயம். "நாப்பதோட நிறுத்துப்பா, அறுபது போடச் சொல்லி யாரு உன்னைக் கேட்டா?" என்றார். டீயை உறிஞ்சிவிட்டு, "அந்தப் பொண்ணு இப்ப எங்க இருக்கா, தெரியுமா?" என்றார். நீ டியூஷன் எடுப்பதாகக் கேள்வி என்றேன். "நல்ல வேலைதான்" என்று சிரித்தார். பெரிய வீட்டுப் பிள்ளை கேட்டால் அது சந்தேகம்; நம்மைப் போன்றவர்கள் கேட்டால் திமிர். திமிர் பிடித்தவள் என்றுதானே உன்னைத் துரத்தினார்கள்.

நீ பிழையைச் சொன்ன அன்று சார் என் பக்கம் திரும்பி, தன் கணக்கை நான் சரிபார்த்தேனா என்று கேட்டார். நான் பார்க்கவே இல்லை. "சரியாத்தான் இருக்கு சார்" என்றேன். நீ என்னை ஒரு தரம் பார்த்தாய். நோட்டை மூடி, பென்சிலைக் காதில் செருகிக்கொண்டு எழுந்து போனாய்.

திரையில் காட்டப்போகும் ஒன்பதாம் பக்கத்தில் மூன்று அட்டவணைகளையும் போட்டு, பிழையை முதலில் கண்டவர் என்று உன் பெயரை எழுதியிருக்கிறேன். நேற்று மட்டும் இரண்டு முறை அழித்தேன். இப்போது இருக்கிறது. வெள்ளிக்கிழமை வரை இருக்குமா, தெரியாது. அம்மா வேறு லீவு போட்டுவிட்டு வந்து முன்வரிசையில் உட்காரப் போகிறாள்.

தேர்வை யார் வேண்டுமானாலும் வந்து பார்க்கலாம். யாரும் உன்னை வாசலில் நிறுத்த முடியாது. வந்து அம்மா பக்கத்தில் உட்கார். ஒன்றும் பேச வேண்டாம். நீ பார்த்துக்கொண்டிருந்தால் அழிக்க மாட்டேன்.

இப்படிக்கு,
உன் பக்கத்து மேசைக்காரன்