தேசிக்காய் போட்ட காணி

3 ஒக்டோபர் 1974
குறிஞ்சாக்கேணியில் எனக்கும் பக்கத்துக் காணி றஊபுக்கும் மிளகாய் நட அரசாங்கக் காணி கிடைத்திருக்கிறது. கூட்டெருவும் சாம்பலும்தான் போடலாம். கடைப் பசளை போட்டால் காணி பறிபோகும். வெளியிலிருந்து வாங்கிப் போட அனுமதித்தது ஒன்றே ஒன்று. சுற்றறிக்கை இங்கிலீசில்தான் வந்திருக்கிறது, தமிழ்ப் பிரதி இன்னும் வரவில்லை. வராவிட்டால் என்ன? வெள்ளைக்காரன் கப்பல்துறையை விட்டுப் போகும்வரை அவனுக்குக் கிளாக்கராக இருந்தவன் நான். நின்ற நிலையில் வாசித்து றஊபுக்கு விளக்கினேன். லைம். எலுமிச்சை, அதாவது தேசிக்காய்.

5 ஒக்டோபர்
றஊப் ஏற்கெனவே சிப்பிச் சுண்ணாம்பு தூவியிருந்தார். புளித்த மண்ணுக்கு அதுதான் வழக்கமாம். வழக்கம் வேறு, சட்டம் வேறு என்று விரலை ஆட்டிச் சொன்னேன். மனிதன் மேல்மண்ணோடு வழித்து அள்ளிக் கொட்டிவிட்டார்.

8 ஒக்டோபர்
நோன்பு மாதம், தேசிக்காய் நெருப்பு விலை. றஊபின் மனைவி பரீதா சர்பத்துக்கு வைத்திருந்ததும் வந்துவிட்டது. இருவருமாகப் பிழிந்து மண்ணில் ஊற்றிவிட்டு, கோதுகளை எருக்குழியில் போட்டோம். சொதிக்கு ஒரு பாதி தரக்கூடாதா என்றாள் எல்சி. அரசாங்க விஷயத்தில் குசினி தலையிடக்கூடாது என்று பெண்டாட்டிக்கே சட்டம் பேசினேன்.

29 ஒக்டோபர்
கன்றுகள் மஞ்சளடிக்கின்றன. றஊபின் பக்கம் இன்னும் மோசம்.

2 நவம்பர்
தமிழ்ப் பிரதி வந்தது. சுண்ணாம்பு.

சுண்ணாம்பு! அட மடையா, நாள் முழுக்க வெத்திலைக்குத் தடவுறாயே, அதுக்கும் லைம் எண்டுதான் பேர் எண்டு தெரியாமப் போச்சா? எனக்கு எல்சியின்ரை ரீச்சர் சம்பளம் இருக்கு. றஊபுக்கு இந்தக் காணியை விட்டா என்ன இருக்கு?

3 நவம்பர்
போய்ச் சொன்னேன். றஊப் கன்றையே பார்த்துக்கொண்டு நின்றார்.

"உங்கட வெள்ளக்காரன் வெத்திலைக்குத் தேசிக்காயா போட்டவன், கிளாக்கரையா?"

கேட்டவர் சிரிக்கவில்லை.

11 நவம்பர்
பரிசோதகர் வந்தார். நேரே குழிக்குத்தான் போனார். தேசிக்காய்க் கோதைக் கண்டு, அனுமதியில்லாத பொருள், யார் போடச் சொன்னது என்று றஊபைக் கேட்டார். நான் வாயைத் திறக்குமுன் றஊப் முந்திக்கொண்டார்.

"நோன்புக்குப் பிழிஞ்ச கோது, சேர். எருவுக்குப் போட்டம்."

வீட்டுக் கழிவு என்று எழுதிக்கொண்டு, பட்டுப்போன கன்றுக்குப் பதில் வேறு நடும்படி சொல்லிப் போனார். எனக்கு அழுகை முட்டிக்கொண்டு வந்தது. இருமுவதுபோல் திரும்பிக்கொண்டேன்.

பின்னேரம் இருவருமாகச் சுண்ணாம்பு தூவினோம். நாற்றுமேடையில் மிஞ்சியதை றஊபின் பக்கம் முதலில் நட்டோம்.

20 பெப்ரவரி 1975
மிளகாய் பரவாயில்லை. இருவருக்கும் காணி இன்னொரு வருஷத்துக்கு உறுதி. குழிக்குள் தேசிக்கன்றுகள் முளைத்து நின்று என்னைப் பார்த்து இளிக்கின்றன.

இன்று புதுச் சுற்றறிக்கை, இங்கிலீசில். பூச்சிக்கு எது அடிக்கலாம், எது கூடாதாம். ஊரெல்லாம் என்னைத் தேசிக்காய்க் கிளாக்கர் என்கிறது. ஆனாலும் றஊப் அதை என்னிடம்தான் கொண்டுவந்தார். மூன்றாம் வரியில் ஒரு சொல்லில் நின்றேன்.

"தெரியாது" என்றேன். இந்த வாயால் முதல் தடவை.

தமிழ் வரட்டும் என்று சொல்லிப் பக்கத்தில் குந்தினார் றஊப். வெற்றிலை தந்தார். சுண்ணாம்பை அவரே தடவித்தான் தந்தார்.