எழுதியவரிடமே கேட்கிறேன்

காலாப்பட்டு,
வெள்ளிக்கிழமை.

பாப்பாவுக்கு,

மூன்று வருஷம் கழித்து அம்மாவின் கடிதமா என்று பதறாதே. எல்லாரும் சௌக்கியம். நான் ஜெயித்த கதையைச் சொல்லத்தான் எழுதுகிறேன்.

போன மாதம் ஆராய்ச்சி மாணவி கொளஞ்சியிடம், "என் லைப்ரரி பக்கமே காணோமே, நெட்ல காசு கட்டினாத்தான் தொறக்குற கட்டுரைக்கெல்லாம் என்ன பண்ற?" என்று கேட்டேன்.

"உங்ககிட்ட கேட்டா ஃபாரம் குடுப்பீங்க மேடம், மூணு கையெழுத்து வாங்கணும். எழுதினவங்களுக்கே மெயில் போட்டா மறுநாளே வந்துடுது" என்றாள்.

அந்த ஃபாரத்தை உண்டாக்கியவளே நான்தான்! இரண்டு நாள் அவளோடு பேசவில்லை. மூன்றாம் நாள் ஃபாரம் கட்டைத் தூக்கிப் பரணில் போட்டேன். இப்போது பிள்ளைகள் வாட்ஸ்அப்பில் தலைப்பை அனுப்பினால் போதும், எழுதியவருக்கு நானே மெயில் போடுகிறேன். நாற்பத்தொன்று கேட்டேன், முப்பத்தெட்டு வந்துவிட்டது.

நேற்று கொளஞ்சியே வந்து, "உங்களுக்குத்தான் சீக்கிரம் பதில் வருது, நீங்களே கேட்டுக் குடுங்க மேடம்" என்றாள். அவள் நீட்டிய தலைப்பு, நீயும் மாப்பிள்ளையும் சேர்ந்து எழுதிய கட்டுரை.

இதை மெயிலில் கேட்க மனம் வரவில்லை. அவளுக்கு ஒரு பிரதி அனுப்பு, எனக்கும் ஒன்று.

மாப்பிள்ளை என்றுதான் எழுதியிருக்கிறேன், உன் கல்யாணத்திலிருந்து என் வாயில் வராத சொல். அவரிடமும் காட்டு.

உன்
அம்மா