உன் ஏரோஜெல்லில் கற்பூர வாசம்

இன்று காலை அலுமாரியைத் துடைக்கும்போது உன் குப்பியைத் திறந்தேன். கற்பூரம் மணத்தது. உன் வருடத் திதி முடிந்து ஒரு மாதமாகிறது. வாசம் இன்னும் போகவில்லை.

உள்ளே நீ செய்த ஏரோஜெல் துண்டு, தீப்பெட்டி அளவில். அலுமாரியின் இருட்டுக்கு முன்னால் நீலமாகத் தெரிந்தது. ஜன்னல் பக்கம் தூக்கியதும் இளமஞ்சளாகிவிட்டது. ஏறக்குறைய எல்லாமே காற்று. அந்தக் காற்றைச் சுற்றி, கண்ணுக்குத் தெரியாத அளவு மெல்லிய சிலிக்காச் சுவர்கள். "ஹந்தானை மலை மூட்டத்துல ஒரு துண்டு வெட்டி எடுத்த மாதிரி இல்ல?" என்று அதைச் செய்து முடித்த அன்று கேட்டாய்.

பேராதனைப் பல்கலைக்கழகத்தில் நாம் ஒரே ஆய்வு மேசையில் வேலை செய்த நாட்கள் அவை. விண்கலங்களைக் குளிரிலிருந்து காப்பது இதுதான் என்று நான் வாசித்துக் காட்டினால், உனக்குக் கம்பளைக்கு மேலே உங்கள் தேயிலைத் தோட்ட லயத்து வீட்டின் தகரக் கூரைதான் நினைவுக்கு வரும். "வால்வெள்ளித் தூசியக்கூட இதுல பிடிச்சுட்டு வந்துட்டாங்களாம்டி. எங்கம்மாவுக்கு ஒரு கூரைக்கு வழி பண்ண மாட்டாங்களா?" பிறகு நீயே உமிச் சாம்பலிலிருந்து சிலிக்கா எடுக்கத் தொடங்கினாய்.

உலர்த்தாத முதல் கூழ்மத்தை விடுமுறைக்கு வீட்டுக்குக் கொண்டுபோனாயே, நினைவிருக்கிறதா? போத்தலில் சாராயம் போல மணக்கும் ஜெலியைப் பார்த்த அம்மா, கெட்டுப் போய்விடும் என்று பயந்து, அதைச் சுளகில் கொட்டி மோர் மிளகாயோடு வெயிலில் வைத்துவிட்டார். மாலையில் மிஞ்சியவை கூழாங்கற்கள் போல வெடித்த துண்டுகள். "வத்தல் போட்டுட்டாங்கடி எங்கம்மா!" என்று தொலைபேசியில் சிரித்தாய். உள்ளே இருக்கும் திரவம் தன்பாட்டில் உலர்ந்தால், போகிற போக்கில் சுவர்களையும் இழுத்து நெரித்துவிடும். அதனால்தான் அழுத்தக் கலத்தில் வைத்து அத்தனை பொறுமையாக உலர்த்த வேண்டியிருந்தது. பல வெடித்தன. முழுசாக வந்தது இது ஒன்றுதான்.

அதை அம்மாவிடம் காட்ட நானும் வந்தேன். கம்பி வலைமேல் துண்டை வைத்து, அதன்மேல் ஒரு மல்லிகைப் பூவையும் வைத்து, கீழே விளக்கைக் கொளுத்தினாய். அம்மா பூவைத் தொட்டுப் பார்த்தார். "சுடவே இல்லையே! இதுல கூரை போட எவ்வளவு நாளாகும் பாப்பா?"

"இருங்கம்மா, செய்றேன்."

அந்த மழைக்காலம் முடியுமுன் டெங்குக் காய்ச்சல் உன்னைக் கொண்டுபோய்விட்டது.

திதிக்கு வரும்போது துண்டைக் கொண்டுவரச் சொல்லியிருந்தார் அம்மா. உன் படத்தின் முன்னால், படையல் இலையை ஒட்டி ஒரு தட்டில் வைத்தார். கற்பூரம் எரிந்தது. பிறகு, இலையைச் சுற்றித் தெளிப்பதற்காகச் செம்புத் தண்ணீரில் கையை நனைத்தார். ஒரு துளி விழுந்தாலும் அந்தச் சுவர்கள் நெரிந்துவிடும். மகளுக்குத் தண்ணீர் விடப்போகும் தாயிடம் எப்படிச் சொல்வது?

"அம்மா, அதுல தண்ணி பட்டா போயிரும்."

"படையல் நேரத்துல குறுக்க பேசாத புள்ள," என்றார் உன் பெரியம்மா.

அம்மாவின் கை நின்றது. "அவ சொல்றது சரிதான் அக்கா. நான்தான் ஒருக்கா வெயில்ல வச்சுக் கெடுத்தேனே." கையைச் சேலையில் துடைத்துக்கொண்டு, தட்டை என் மடியில் வைத்தார். அதற்குப் பிறகுதான் உனக்குத் தண்ணீர் தெளித்தார்.

எல்லோரும் சாப்பிட்டு எழுந்தபின் என்னிடம் மெதுவாகக் கேட்டார்: "இதுக்குள்ள இருக்கிறது அவ செஞ்ச அன்னைக்கு இருந்த காத்துதானே?"

ஆமாம் என்று சொல்லியிருக்கலாம். உன் வேலையைப் பற்றி அவரிடம் பொய் சொல்ல வாய் வரவில்லை. "இல்லம்மா. அதுல இருக்கிற ஓட்டையெல்லாம் திறந்துதான் இருக்கு. காத்து போய் வந்துகிட்டே இருக்கும்."

துண்டை மெதுவாக எடுத்துக் குப்பிக்குள் வைத்தார். "அப்ப இன்னைக்கு நம்ம வீட்டுக் காத்தும் உள்ள போயிருக்கும்." குப்பியை மூடி என் கையில் தந்தார். "நீயே கொண்டு போ. இங்க கூரை ஒழுகுது."

கட்டுகஸ்தோட்டையில் என் வீடு வரைக்கும் பஸ்ஸில் அதை மடியிலேயே வைத்திருந்தேன். எடை தெரியாததால், துண்டு உள்ளே இருக்கிறதா என்று அடிக்கடி பார்த்துக்கொண்டேன். இன்று காலை அதிக நேரம் திறந்து வைக்கவில்லை. உங்கள் வீட்டுக் காற்று இன்னும் கொஞ்சம் அதில் இருக்கிறது.