உள்பக்கம் திருப்பி வைத்த கல்

சைட் கேம்ப்,
ஜனவரி 10

அன்புள்ள பானுவுக்கு,

சோலைமுத்து எழுதுவது. நான் நன்றாக இருக்கிறேன். நீயும் நம் மகள் சந்தியாவும் அப்படியே இருக்க வேண்டும். அபிராமத்து ஈசா அண்ணன் இரண்டு மாத லீவில் வருகிறார், அவர் கையில் இதைக் கொடுத்துவிடுகிறேன். காபி கொடு. உன் கேள்விகளையெல்லாம் கேட்டு அவரைக் குடையாதே.

போன மாதத்திலிருந்து டவுனில் இருந்த ரோலா ரூமை விட்டு இங்கே பாலைவனத்திலேயே தங்கல். போட்டோ எடுத்துவிடுவோம் என்று போனைக் கேட்டில் வாங்கிப் பூட்டிவிடுகிறார்கள். வெள்ளிக்கிழமை சாயங்காலம் ஒரு மணி நேரம் தருவார்கள். அப்போதும் பக்கத்தில் எட்டுப் பேர் நிற்கும்போது பெண்டாட்டியிடம் என்ன பேசுவது? அதனால்தான் காகிதம்.

கட்டுவது சிப்பாய்களுக்கு ஒரு நினைவுச் சுவர். ஐம்பது வருஷத்துக்கு முன்னால் அவர்களை இங்கே ஒரு கோட்டைக்குள் வைத்து எதிரிகள் ஏழு மாதம் வளைத்துக்கொண்டார்களாம். ஒட்டகத்தை வெட்டித் தின்று, உப்புத் தண்ணீரைக் குடித்துக் கிடந்திருக்கிறார்கள். அவர்கள் பெயர்கள் கல்லில் அரபியில் வெட்டி வருகின்றன. பதிப்பது நான்.

ஒரு சங்கதி கேள். வெட்டும் மெஷினைச் சோதிக்க நம் உமாபதி ஒரு கல்லில் தமிழில் ‘சோலைமுத்து’ என்று வெட்டிவிட்டான். பின்சுவருக்கு ஒரு கல் குறைந்தது. அதையே, பெயர் உள்பக்கம் பார்க்கிற மாதிரி திருப்பி, நானே பதித்துவிட்டேன். கமுதியில் எவனுக்கடி இப்படி ஒரு யோகம்?

உன் சோலை

*

கமுதி,
ஜனவரி 19

அன்புள்ள மாமாவுக்கு,

பானுமதி எழுதிக்கொள்வது. ஈசா அண்ணன் வந்தார், காபி குடித்தார். நான் ஒன்றும் குடையவில்லை.

உங்கள் கடிதத்தைச் சிரித்துக்கொண்டேதான் படித்தேன். கடைசிக்கு வந்ததும் சிரிப்பு நின்றுவிட்டது. என்ன காரியம் செய்து வைத்திருக்கிறீர்கள்? செத்தவர்களுக்கு எழுப்புகிற சுவரில் உயிரோடு இருக்கிறவன் தன் பெயரைத் தானே பதிப்பானா? எங்க அப்பா இறந்து கல் ஊன்றியபோது பக்கத்தில் நின்றவர்தானே நீங்கள்? உங்களுக்கு நீங்களே ஊன்றிக்கொண்டீர்களே மாமா.

டிவியைப் போட்டால் அந்தப் பக்கம் சண்டை மூளப்போகிறது என்கிறான். சோறு இறங்கவில்லை. அந்தக் கல்லை எடுத்து உடைத்துப் போடுங்கள். வேறு எதுவும் நான் உங்களிடம் கேட்கவில்லை.

பயத்தோடு,
பானு

*

சைட் கேம்ப்,
ஜனவரி 30

என் பயந்தாங்கொள்ளிக்கு,

கல்லை எடுத்துத் தூள் தூளாக உடைத்தாகிவிட்டது. போதுமா? இனி சாப்பிடு. உமாபதி மகள் சடங்குக்கு ஊருக்கு வருகிறான், இதை அவன் கொண்டுவருவான்.

டிவியில் பார்த்திருப்பாய், மறைத்துப் பயனில்லை. செவ்வாய்க்கிழமை மத்தியானம் கேட்டில் பூட்டியிருந்த எங்கள் போன்கள் நாற்பதும் அபாய எச்சரிக்கை வந்து ஒரே நேரத்தில் ஊளையிட்டன. எடுத்துப் பார்க்கச் சாவி இல்லை. வானத்தில் ஏதோ வெடித்து வெள்ளையாகக் கோடு விழுந்தது. போர்மேன், “யல்லா, அந்தர் ஜாவோ!” என்று கத்துகிறான். உள்ளே போ என்றால் எங்கே போக? இன்னும் கூரையே போடவில்லை. எல்லோரும் சுவரை ஒட்டிக் குப்புறப் படுத்துக்கொண்டோம். ஒருவருக்கும் ஒன்றும் ஆகவில்லை. நீ கவலைப்படாதே.

உன் சோலை

*

கமுதி,
பிப்ரவரி 12

மாமாவுக்கு,

உமாபதி வந்தார். கடிதத்தைப் பிரிப்பதற்கு முன்பே, “அண்ணன் பேரு செவுத்துக்குள்ள பத்திரமா இருக்கு மதினி, நாந்தான் வெட்டுனேன்” என்று பல்லைக் காட்டினார். அப்புறம் உங்கள் கடிதத்தைப் படித்தேன். தூள் தூளாக உடைத்தீர்களாம்.

பதினாறு வருஷத்தில் என்னிடம் எத்தனை பொய் சொல்லியிருக்கிறீர்களோ தெரியாது. உயிர் விஷயத்தில் சொன்னது இதுதான் முதல் தடவை. அந்தக் கல் நிஜமாகவே வெளியே வருகிறவரை வெள்ளிக்கிழமை நீங்கள் கூப்பிட்டால் எடுக்க மாட்டேன். சந்தியாவையும் எடுக்க விட மாட்டேன். கோபத்தில் எழுதவில்லை. இதைத் தவிர உங்களை அசைக்க எனக்கு வேறு வழி தெரியவில்லை.

பானுமதி

*

சைட் கேம்ப்,
பிப்ரவரி 22

பானு,

பொய்தான். பதித்த கல்லைத் தொட்டால் வேலை போய்விடும் என்ற பயத்தில் எழுதிய பொய். இரண்டாவது தடவை போன்கள் ஊளையிட்டபோது, சுவரின் அந்தப் பக்கம் இரும்புத் துண்டு ஒன்று வந்து விழுந்தது. நான் இந்தப் பக்கம் படுத்திருந்தேன். அப்போது உன் கடிதம்தான் நினைவில் இருந்தது.

இன்ஜினியர் விஜயபாஸ்கர் சாரிடம் எல்லாவற்றையும் சொல்லிவிட்டேன். தலையில் அடித்துக்கொண்டார். “மார்ச் ஆறு, வெள்ளிக்கிழமை காலைல யாரும் இருக்க மாட்டாங்க. எடுத்துட்டு வேற கல்லை வச்சிரு. மேல தெரிஞ்சா நீயும் காலி, நானும் காலி” என்றார்.

ஒன்று சொல்ல வேண்டும். நேற்று ஒரு கிழவரைச் சக்கர நாற்காலியில் தள்ளிக்கொண்டு வந்தார்கள். ஒவ்வொரு பெயராக விரலால் தடவிக்கொண்டே போனவர் ஓரிடத்தில் நின்றார். அது அவர் பெயர். “இது செத்தவங்க லிஸ்ட் இல்லப்பா, உள்ள இருந்து தாக்குப்பிடிச்ச எல்லாருமே இதுல இருக்காங்க” என்றார் சார். கிழவர் என்னைப் பார்த்துச் சிரித்தார். ஒரு பல் கூட இல்லை.

ஆனாலும் உனக்காக எடுத்துவிடுகிறேன். நேற்று முன்தினம் நான்கு தடவை கூப்பிட்டேன். அடுத்த தடவையாவது எடு.

சோலை

*

கமுதி,
மார்ச் 3, செவ்வாய்

என் மாமாவுக்கு,

கல்லைத் தொடாதீர்கள். இதை முதலில் படித்துவிட்டு மற்றதைப் படியுங்கள்.

நேற்று எதிர்வீட்டுப் பத்மாவின் மாமனாருக்குப் பதினாறாம் நாள். ஊன்றிய கல்லைப் பிடுங்கி, பால் ஊற்றி, கண்மாயில் போட்டுவிட்டு வந்தார்கள். பார்த்துக்கொண்டிருந்த எனக்கு அப்போதுதான் உறைத்தது. ஊன்றியது பெரிதில்லை. அதை எடுத்தால்தானே எல்லாம் முடிந்தது என்று ஆகிறது? அதைத்தானே இத்தனை நாளாக என் வாயாலேயே உங்களிடம் கேட்டுக்கொண்டிருக்கிறேன், பாவி.

இருக்கட்டும் மாமா. அந்தக் கிழவர் பெயரோடு உங்கள் பெயரும் இருக்கட்டும். தாக்குப்பிடித்தவர்கள் சுவர்தானே.

கம்பெனி நம்பருக்குக் கூப்பிட்டேன். ஹிந்தியில் ஏதோ சொல்லி வைத்துவிட்டார்கள். ஈசா அண்ணன் நாளை திருச்சியில் பிளைட் ஏறுகிறார். வியாழக்கிழமை இது உங்கள் கையில் இருக்கும்.

போன வெள்ளியும் கூப்பிட்டீர்கள். போனைத் தலையணைக்கு அடியில் வைத்து அதன் மேல் படுத்துக்கொண்டேன். இந்த வெள்ளி எடுப்பேன்.

உங்கள் பானு

*

மார்ச் 6, வெள்ளி, காலை 11 மணி

மாமா,

ஈசா அண்ணன் இப்போதுதான் திரும்பி வந்தார். சண்டையால் வானத்தை மூடி பிளைட்டுகளை நிறுத்திவிட்டார்களாம். இரண்டு நாள் ஏர்போர்ட்டில் உட்காரவைத்து அனுப்பிவிட்டார்கள். கடிதத்தை ஒட்டியது ஒட்டியபடியே என் கையில் கொடுத்துவிட்டு, முகத்தைப் பார்க்காமல் போய்விட்டார். பிரித்து அதே தாளில்தான் எழுதுகிறேன்.

அங்கே ஒன்பதரை ஆகியிருக்கும். உளியை எடுத்திருப்பீர்கள்.

சாயங்காலம் போன் உங்கள் கைக்கு வரும். என்னுடையதை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறேன். முதல் மணியிலேயே எடுத்துவிடுவேன்.

கூப்பிடுங்கள் மாமா.